நூறு கிலோவுக்குக் கீழே

என் அத்தானை எடை பார்த்த அன்று நானும் எங்கள் கட்டட சைட்டின் முதலுதவி அறையில்தான் இருந்தேன். நர்ஸம்மா பூட்ஸைக் கழற்றச் சொன்னார். கழற்றினார். இடுப்பு பெல்ட்டைக் கழற்றச் சொன்னார். அதுவும் ஆயிற்று. சட்டைப் பையிலிருந்த சாவிக்கொத்து, பேனா, வறுகடலைப் பொட்டலம் எல்லாம் மேசைக்கு வந்தன. மூக்குக் கண்ணாடி எத்தனை கிராம் இருக்கும் என்று யோசித்தாரோ என்னவோ, அதையும் கழற்றி வைத்துவிட்டு எடை மெஷினில் ஏறினார். அதனால் காலடியில் வந்த எண் அவருக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. நூற்று நாலு புள்ளி இரண்டு.

நூறு கிலோவுக்கு மேல் இருப்பவர்கள் இனி கிரேனில் ஏறக் கூடாது என்றார் புதிதாக வந்திருந்த சேஃப்டி ஆபீசர். மேலே இருக்கும் ஆளுக்கு மயக்கம் கியக்கம் வந்தால் கட்டி இறக்குவதற்கு ஒரு மீட்புக் கயிறு உண்டு. அதன் கப்பியில் நூறு கிலோ என்று அச்சடித்திருக்கிறதாம். இத்தனை வருடமாக அந்தப் பெட்டியை யாரும் திறந்துகூடப் பார்த்ததில்லை. இவர் திறந்தார், படித்தார். அவர் செய்ததில் தப்பே கிடையாது. ஆனாலும் அந்த மனிதரை எனக்கு இன்றுவரை பிடிக்காது.

அத்தான் டவர் கிரேன் ஓட்டுகிறவர். எண்பது மீட்டர் உயரத்தில் ஓர் ஆள் உட்காரும் கண்ணாடிக் கேபின். அதில் இருபத்தெட்டு வருடம் உட்கார்ந்தவர். அவருக்கு நேர் கீழே நின்று கொக்கியில் லோடு மாட்டுவது என் வேலை. என் அக்காவைக் கட்டிக்கொண்டவர் என்பதெல்லாம் அப்புறம். என் தலைக்கு மேல் இரண்டு டன் கம்பியைத் தொங்கவிட்டு, பதினெட்டு வருடத்தில் ஒருமுறைகூட என்னைப் பயப்பட வைக்காதவர் என்பதுதான் எனக்கு முதலில். சைட்டில் அவரை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘ஆகாசம்’ என்பார்கள். ஆகாசம் வந்தாச்சா, ஆகாசம் சாப்பிட்டாச்சா.

வாய் பேசாத மனிதர். அக்கா நாலு தரம் கேட்டால் ஒரு தரம் பதில் வரும். வாக்கி டாக்கியில் மட்டும் தேன் ஒழுகும். மெல்ல, மெல்ல, இன்னும் ஒரு சாண், அப்படியே விடு, என்று குழந்தையைத் தூங்க வைப்பதுபோலப் பேசுவார். சமையலறையில் ஒரு வாக்கி டாக்கி வாங்கி வைத்தால்தான் தனக்குக் குடும்பம் நடக்கும் என்று அக்கா சொல்லிச் சிரிப்பாள். அவர் சிரிக்க மாட்டார். காலை ஆறரைக்கு ஏறினால் சாயங்காலம்தான் இறங்குவார். ஒன்பது மணி நேரம் உட்கார்ந்த இடம். தூக்கம் வராமல் இருக்க உப்புக் கடலை, கடலைக்கு மேல் தண்ணீர், தண்ணீருக்கு மேல் மறுபடி கடலை. உடம்பு ஏறாமல் என்ன செய்யும்? முப்பது வயதில் எட்டு நிமிடத்தில் ஏறிய ஏணியை ஐம்பத்து நாலு வயதில் இருபத்தைந்து நிமிடத்தில் ஏறிக்கொண்டிருந்தார். எத்தனை நிமிடமானாலும் ஏறிக்கொண்டுதான் இருந்தார்.

அப்படிப்பட்டவர் கையில் ஒரு கொடியும் வாயில் ஒரு விசிலும் கொடுத்து, என் பக்கத்தில் நிறுத்திவிட்டார்கள். கேபினுக்குப் பக்கத்து சைட்டிலிருந்து ஒரு பெண் வந்தாள். இரண்டு பிள்ளைகளுக்குத் தாய், முப்பத்தைந்து வயதிருக்கும், நல்ல கை. அவள் ஓட்டுவதில் ஏதாவது நொட்டை சொல்வார் என்று முதல் வாரம் முழுக்கக் காத்திருந்தேன். ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல ஒன்றும் இல்லை என்பதுதான் அவரை அதிகமாக வருத்தியது என்று நினைக்கிறேன்.

மதியச் சாப்பாட்டுக்கு எல்லாரும் ஷெட்டுக்குள் போய்விடுவார்கள். அவர் மட்டும் சிமெண்ட் மூட்டைகளின் மேல் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டே சாப்பிடுவார். கழுத்து வலிக்கிறது என்று அக்காவிடம் தைலம் தேய்க்கச் சொல்வாராம். ஒருநாள் நான் கேட்டேவிட்டேன், அப்படி மேலே என்னதான் இருக்கிறது என்று. வாயிலிருந்ததை மென்று விழுங்கிவிட்டுச் சொன்னார்.

“காத்தடிச்சா கேபின் லேசா ஆடும்டா. அது நின்னுபோச்சு. இப்ப ராத்திரி படுத்தா கட்டில் ஆடவே மாட்டேங்குது. தூக்கம் வரல.”

இன்னும் நாலு மாதத்தில் கட்டடம் முடிந்துவிடும். முடிந்ததும் கிரேனைக் கழற்றிவிடுவார்கள். கம்பெனியின் அடுத்த வேலையெல்லாம் தாழ்வான குடோன்கள், அங்கே டவர் கிரேன் கிடையாது. ஐம்பத்து நாலு வயதுக்காரரை வேறு கம்பெனி எடுக்காது. ஆக, அவர் மறுபடி மேலே போவதென்றால் இந்தக் கிரேன்தான், இந்த நாலு மாதம்தான். மாதத்தின் முதல் திங்கட்கிழமை எடை பார்ப்பார்கள். நாலு கிலோ இருநூறு கிராம். இவ்வளவுதான் அவருக்கும் வானத்துக்கும் நடுவில் நின்றது.

முதலுதவி அறைச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. ரத்த அழுத்தக்காரர்களுக்கானது. அத்தானும் தினம் அதற்கு ஒரு மாத்திரை போடுகிறவர்தான். உப்பிலிருக்கும் சோடியம் உடம்பில் தண்ணீரைப் பிடித்து வைக்கும், பழத்திலும் காயிலும் இருக்கும் பொட்டாசியம் அதை வெளியேற்ற உதவும் என்று அதில் போட்டிருந்தது. நீங்களோ நானோ படித்தால் சரி என்று தலையாட்டிவிட்டுப் போவோம். இவர் கிரேன்காரர் ஆயிற்றே, கிரேன்காரர் மூளையால் படித்தார். கொக்கிக்கு ஒரு கிலோ தண்ணீரும் ஒன்றுதான், ஒரு கிலோ இரும்பும் ஒன்றுதான். மீட்டரில் எண் குறைந்தால் போதும். உள்ளே இருப்பதில் எதைச் சீக்கிரம் இறக்க முடியும்? தண்ணீரை. கிரேனின் முன்கைக்குச் சரியாகப் பின்னால் கான்கிரீட் பாரம் வைப்பார்களே, அதுபோல சோடியத்துக்கு எதிர்ப்பாரம் பொட்டாசியம். முன்னால் எடு, பின்னால் ஏற்று. இப்படியொரு கணக்கை எந்த டாக்டரும் போட்டிருக்க மாட்டார். எனக்கோ அது அப்பழுக்கில்லாத கணக்காகத் தெரிந்தது. நானும் கொக்கிக்காரன்தானே.

அக்கா உப்பில்லாமல் சமைக்க ஆரம்பித்தாள். அந்தச் சாப்பாட்டை நான் இரண்டு நாள் சாப்பிட்டுப் பார்த்தேன், மூன்றாம் நாள் ஓட்டலுக்கு ஓடிவிட்டேன். அவர் முகம் சுளிக்காமல் சாப்பிட்டார். காலையில் நாலு வாழைப்பழம். மதியம் அவித்த உருளைக்கிழங்கு. கடலையை மறந்தார். ஆனால் உப்பு கேட்கும் நாக்கு சும்மா இருக்குமா? மருந்துக்கடையில் மாற்று உப்பு என்று ஒன்று விற்கிறதாம், அதில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியமாம், வாங்கி வா என்றார். வாங்கி வந்தவன் நான். புட்டியின் பின்பக்கம் பொடி எழுத்தில் ஏதோ எழுதியிருந்தது. படிக்கவில்லை. இதை எழுதும்போதும் கை கூசுகிறது.

முதல் வாரத்திலேயே இரண்டரை கிலோ போயிற்று. அவர் முகத்தில் இருபது வருடம் கழித்து எலும்பு தெரிந்தது. மோதிரம் விரலில் சுற்றியது. அக்கா பழைய பேண்ட்டைப் பிடித்துத் தைத்தாள். இரண்டாம் வாரம் ஒரு கிலோ, மூன்றாம் வாரம் இன்னும் கொஞ்சம். வெயிலில் நாள் முழுக்கக் கொடி பிடித்து நின்றதில் வேர்வையாய் வழிந்தது. தலை சுற்றுகிறதா என்று கேட்டால் இல்லை என்பார். காலில் பிடிப்பு வந்தால் ஏணிப் பழக்கம் விட்டுப்போனதால் என்பார். முதல் திங்கட்கிழமை நர்ஸம்மா எடை பார்த்தார். தொண்ணூற்று ஒன்பது புள்ளி ஆறு. சேஃப்டி ஆபீசர் கையெழுத்துப் போட்டார். அத்தான் அந்தச் சீட்டை வாங்கிக் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார்.

மறுநாள் ஏறினார். ஏணி நடுவில் பன்னிரண்டு தட்டுகள் உண்டு, ஒவ்வொன்றிலும் நின்று மூச்சு வாங்கினார். மேலே போய்ச் சேர்ந்ததும் வாக்கி டாக்கியில் ஒரு நிமிடம் வெறும் காற்றுச் சத்தம்தான் வந்தது. பிறகு, “வந்துட்டேன்” என்றார். அவ்வளவு சந்தோஷமான குரலை அவர் கல்யாணத்தன்றுகூட நான் கேட்டதில்லை. சைட்டில் எல்லாரும் அண்ணாந்து கையாட்டினார்கள். நானும் ஆட்டினேன்.

நாலு மணி நேரம் எல்லாம் அழகாகப் போயிற்று. பதினொரு மணி வாக்கில் ஒரு கம்பிக் கட்டை மாட்டிவிட்டு மேலே போகச் சொன்னேன். போனது. பாதி உயரத்தில், எனக்கு நேர் மேலே, சட்டென்று நின்றது. லீவரிலிருந்து கை எடுத்தால் கிரேன் தானாக நின்றுவிடும், அது தெரியும். ஆனால் அவர் ஏன் கையை எடுத்தார் என்று புரியவில்லை. கூப்பிட்டேன். மறுபடி கூப்பிட்டேன்.

“மச்சான், கொஞ்சம் தள்ளிப் போயிரு,” என்றார். அதே மெல்லிய குரல். “கை சொன்னபடி கேக்கல.”

தள்ளிப் போனேன். மாற்று ஆளாகக் கீழே நின்றிருந்த அந்தப் பெண் ஓடி வந்து ஏணியில் ஏறினாள். அவள் மேலே போய்ச் சேர்ந்த பதினைந்து நிமிடமும் அந்தக் கம்பிக் கட்டு அசையாமல் தொங்கியது, நானும் அசையாமல் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் லோடைப் பத்திரமாக இறக்கினாள். பிறகு அவரை இறக்க வேண்டும். கால்களும் தொய்ந்துவிட்டன, ஏணியில் இறங்க முடியாது. அந்த மீட்புக் கயிற்றுப் பெட்டியைத்தான் திறந்தார்கள். ஆயுசு முழுக்க லோடு இறக்கியவர் இடுப்பில் பெல்ட் கட்டி, தானே ஒரு லோடாக இறங்கி வந்தார். நான்தான் கீழே நின்று பிடித்தேன். உடம்பு ஈரத்துணி மாதிரிக் கனமாகச் சரிந்தது. அப்போது எனக்கு வந்தது கோபம்தான். யார் மேல் என்று கேட்காதீர்கள்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டரம்மா எங்கள் மூன்று பேரையும் உட்கார வைத்தார். சோடியம் கீழே கிடக்கிறது, பொட்டாசியம் இருக்கக் கூடாத உயரத்தில் இருக்கிறது, இன்னும் கொஞ்சம் ஏறியிருந்தால் இதயமே நின்றிருக்கலாம் என்றார். அவர் சாப்பிடும் ரத்த அழுத்த மாத்திரை பொட்டாசியத்தை உடம்பிலேயே தேக்கி வைக்கிற வகையாம். அதற்கு மேல் இந்த மாற்று உப்பு, அதற்கு மேல் வாழைப்பழம். நான் தரையைப் பார்த்தேன். டாக்டரம்மா திட்டவில்லை. உப்பைக் குறைப்பது நல்லதுதான், அடியோடு நிறுத்தி வெயிலில் வேர்க்க நின்றதுதான் வினை என்று விளக்கினார். அத்தான் கேட்டது ஒரே கேள்வி. எடை குறைந்தது நிஜமா, இல்லையா?

“முக்கால்வாசி தண்ணி. உப்பை விட்டா போகும், தொட்டா வந்துரும். அதுல கொழுப்பு கரையாது. சாப்பாட்டு அளவைக் குறைச்சு, தினம் நடந்து, மாசக் கணக்கா பொறுத்தாத்தான் அது போகும்,” என்றார் டாக்டரம்மா.

மாசக் கணக்கு என்ற வார்த்தையைக் கேட்டதும் அத்தான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த ஜன்னலிலிருந்து கிரேன் தெரியாது. நான் போய் நின்று பார்த்தேன்.

வீட்டுக்கு வந்ததும் எடை நூற்று மூன்று. மறுபடி கொடி, மறுபடி விசில். ஆனால் இந்த முறை வேறு மாதிரி. அக்கா டாக்டரம்மா சொன்ன அளவுக்கு ஒரு சின்னக் கரண்டியில் உப்பை எடுத்து வைத்துவிட்டு, சோற்றைப் பாதியாக்கினாள். விடியற்காலையில் இரண்டு பேரும் நடக்கப் போனார்கள். கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் இவர் தன்னோடு தெருவில் நடப்பது இப்போதுதான் என்று அக்கா என்னிடம் சொன்னாள். அவளுக்கு அதில் சந்தோஷம். அவர் நடந்தது வேறெங்கோ போய்ச் சேர்வதற்காக என்று அவளுக்கும் தெரியும். இருந்தாலும் சந்தோஷம்தான். எடை இறங்கியதோ ஆமை வேகத்தில். பத்து நாளைக்கு அரை கிலோ, சில பத்து நாளைக்கு அதுவும் இல்லை.

அடுத்த இரண்டு எடையிலும் தேறவில்லை. கடைசித் திங்கட்கிழமை வந்தது. அந்த வாரத்தோடு கிரேனுக்கு வேலை முடிகிறது. முந்தின வெள்ளிக்கிழமை அவர்கள் வீட்டுத் தராசில் நூறு புள்ளி ஒன்பது. தொள்ளாயிரம் கிராம். என்னால் தாங்க முடியவில்லை. அந்தப் பாழாய்ப்போன புட்டி வேண்டாம், பழமும் வேண்டாம், சனி ஞாயிறு இரண்டு நாள் உப்பை மட்டும் தொடாதீர்கள், திங்கட்கிழமை கண்ணை மூடிக்கொண்டு தேறிவிடலாம், செவ்வாய்க்கிழமை உப்புப் போட்டுச் சாப்பிட்டுவிட்டு ஏறுங்கள், யாருக்கும் தெரியாது என்றேன். அக்கா என்னை எரித்துவிடுவதுபோலப் பார்த்தாள். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவளுக்கும் அவரை மேலே அனுப்ப ஆசை. தட்டை வைத்தாள், உப்புக் கரண்டியைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள், உள்ளே போய்விட்டாள்.

அத்தான் அந்தக் கரண்டியைக் கையில் எடுத்தார்.

“அன்னிக்கு கை செத்துப்போனப்ப, கண்ணாடி வழியா குனிஞ்சு பாத்தேன்டா. கம்பிக்குக் கீழ நீ நின்னுட்டிருந்தே. நான் சொல்ற வரைக்கும் நீ நகரவே இல்ல. என்னை நம்பி நின்னே. இன்னொரு வாட்டி பொய் எடையோட உன் தலைக்கு மேல உக்கார மாட்டேன்.”

சொல்லிவிட்டு உப்பைச் சோற்றில் தூவிப் பிசைந்து சாப்பிட்டார். நான் கை கழுவப் போகிற சாக்கில் எழுந்து போனேன். திங்கட்கிழமை நர்ஸம்மா நூறு புள்ளி எட்டு என்று எழுதினார். எழுதும்போது அவர் கையும் தயங்கியது, நான் பார்த்தேன். இருநூறு, முந்நூறு கிராம் என்றால் விட்டிருப்பாரோ என்னவோ.

கிரேனைக் கழற்றும் வேலை மூன்று வாரம் தள்ளிப்போயிற்று. பெரிய லாரிக் கிரேன் ஒன்று வர வேண்டியிருந்தது. அது வந்து நின்ற அன்று காலை, நல்ல உப்புப் போட்ட சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு வீட்டுத் தராசில் ஏறியிருக்கிறார். தொண்ணூற்று ஒன்பது புள்ளி ஏழு. சைட்டுக்கு வந்து நேராக முதலுதவி அறைக்குப் போனார். எடை பார்க்கும் நாள் இல்லைதான். நர்ஸம்மா பார்த்தார். அதே எண். சேஃப்டி ஆபீசர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார், லாரிக் கிரேன் கையை நீட்டிக்கொண்டிருந்தது. சீட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். இந்தச் சீட்டை வைத்துக்கொண்டு அத்தான் என்ன செய்ய என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கொடியை எடுத்தார்.

முதலில் பின்பக்கக் கான்கிரீட் பாரங்கள் இறங்கின. பிறகு முன்கை. மூன்று மணிக்கு மேல் கேபின். சங்கிலியில் மெல்ல மெல்ல இறங்கி வந்ததை அத்தான்தான் கொடி காட்டி இறக்கினார். இன்னும் ஒரு சாண், அப்படியே விடு. மரக்கட்டைகளின் மேல் சத்தமில்லாமல் உட்கார்ந்தது. கீழே வைத்துப் பார்த்தால் ஒரு டெலிபோன் பூத் அளவுகூட இல்லை. அதை ஏற்றிப்போக லாரி காத்திருந்தது.

அந்தப் பெண் அவரிடம் வந்தாள். “அண்ணே, என் பை உள்ளயே இருக்கு. கொஞ்சம் எடுத்துத் தர்றீங்களா?” என்றாள். அவள் பை அவள் தோளில் தொங்கிக்கொண்டிருந்தது. அத்தானும் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு, சரிம்மா என்றார்.

கதவைத் திறந்து உள்ளே போய்ச் சாத்திக்கொண்டார். சீட்டில் உட்கார்ந்தார். இரண்டு கையையும் லீவர்களின் மேல் வைத்தார். காலடிக் கண்ணாடிக்குக் கீழே சேறுதான் இருந்தது, அதையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். லாரிக்காரன் ஹாரன் அடித்தான். நான் கை காட்டி நிறுத்தினேன். ஐந்து நிமிடம், பத்து நிமிடம். மறுபடி ஹாரன் அடித்தபோது வேறு வழியில்லாமல் போய்க் கண்ணாடியைத் தட்டினேன். அத்தான் நிமிர்ந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. கதவைக் கொஞ்சமாகத் திறந்தார்.

“இத்தனை வருஷமா இங்க இருந்து உன் ஹெல்மெட்டைத்தான்டா பாத்திருக்கேன். முகம் தெரியறது இன்னிக்குத்தான்.”

இறங்குங்க அத்தான் என்று சொல்லத்தான் போனேன். திரும்பி நின்று, இன்னும் கொஞ்ச நேரம் ஆகும் என்று லாரிக்காரனிடம் கத்தினேன்.